பட்டியலில் இல்லாத முகம்

மத்தியானம் இரண்டே முக்காலுக்கு அவள் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. 'இன்றைய பயிற்சி தொடங்கியது' என்று திரையில் வந்திருந்தது. பயிற்சி எடுக்க வேண்டிய பெரியவள், அவளுடைய மூத்த மகள், பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சின்னவனைக் காப்பகத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரி நாலரைக்குத்தான் அழைத்து வருவாள். வீட்டில் அவளைத் தவிர ஈ காக்கை கிடையாது.

ஏதோ கோளாறு, இந்த மிஷின்களுக்கு இதே வேலையாகப் போச்சு என்று முணுமுணுத்தபடி போனைக் கவிழ்த்து வைத்தாள். மூன்று மணிக்குப் பெரியவளின் ஆலோசகர் கூப்பிடுவார். அதற்காகத்தான் ரத்தப் பரிசோதனை லேபுக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தாள்.

பெரியவளுக்கு வயது பதின்மூன்று. அடிதடி, திருட்டு, பொய் என்று வகுப்பில் ஏற்கெனவே பேர் கெட்டுக் கிடந்தவள். நடத்தைக் கோளாறு, அடுத்தவர் மனசு புரியவில்லை என்று எழுதி, ஆலோசனை மையத்தில் ஒரு ஹெட்செட்டைக் கொடுத்தார்கள். அதைக் கண்ணில் மாட்டினால் எதிரே நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். முகத்தைப் பார்த்து, அவர் என்ன உணர்கிறார் என்று, பட்டியலில் உள்ள ஆறு உணர்ச்சிகளில் ஒன்றைக் கையிலுள்ள ரிமோட்டில் அழுத்த வேண்டும். வீட்டு மனுஷர் முகமாக இருந்தால் சீக்கிரம் படியும் என்று, அம்மாவையே கேமரா முன்னால் உட்காரவைத்து, அழச் சொல்லி, முறைக்கச் சொல்லி, ஆறு முகத்தையும் படம்பிடித்திருந்தார்கள்.

நாளைக் காலையில் மையத்தின் குழு கூடுகிறது. பெரியவளை இரண்டு வருஷம் சீர்திருத்த விடுதிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவாகிவிடும். கோப்பின் முதல் வரி ஒன்றே போதும், அவளை அனுப்பிவிட: 'நாலு வயதுத் தம்பியைக் குளியலறையில் வைத்துப் பூட்டினாள். வருத்தமே காட்டவில்லை.'

பூட்டியது பெரியவள் இல்லை. இவள்தான்.

அன்றைக்கு இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல லேபில் ரத்தம் எடுத்துவிட்டு வந்திருந்தாள். காப்பகத்திலிருந்து அவளே கூட்டி வந்த சின்னவன் நிறுத்தாமல் நச்சரித்தான். ஒரு அஞ்சு நிமிஷம் வாயை மூடு என்று உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டவள், கட்டிலில் சாய்ந்து அப்படியே தூங்கிப் போனாள். இரண்டு மணி நேரம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெரியவள்தான் கதவைத் திறந்தாள். கதவைப் பிறாண்டிப் பிறாண்டி அவன் நகங்கள் பிய்ந்திருந்தன. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரி யார் பண்ணின வேலை என்று கேட்டபோது, இவள் வாய் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வேற யாரு? இவதான்."

பெரியவள் மறுக்கவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையைத்தான் வருத்தமில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து நாலு மாசமாக மகள் முகத்தை நேருக்கு நேர் பார்க்க அவளுக்குக் கூசியது. தட்டைப் பார்த்தே சாப்பாடு போட்டாள். பையைப் பார்த்தே வழியனுப்பினாள். பெத்தவளா நான், தூ, என்று தினமும் ஒரு தடவையாவது தன்னைத் தானே காறித் துப்பிக்கொண்டாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். என்ன ஆனாலும் ஆகட்டும்.

போன் மறுபடி அதிர்ந்தது. 'தவறான விடை.' உடனே இன்னொரு தடவை. 'தவறான விடை.'

பெரியவள் அறையிலிருந்து, தப்பாக அழுத்தினால் வருகிற அந்த மணிச் சத்தம் மெல்லக் கேட்டது.

அவள் எழுந்து போனாள். ஜன்னல் சாத்தியிருந்த அறையில் புழுக்கமும், தலை வேர்த்த வாடையும், சூடேறிய பிளாஸ்டிக்கின் நெடியும் கலந்து அடித்தன. கட்டில் நடுவே ஹெட்செட் பச்சை விளக்கோடு கிடந்தது, அதன் பட்டை யாரோ இப்போதுதான் தலையை உருவிக்கொண்ட மாதிரி விறைத்து நின்றது. குனிந்தபோது அதன் ஸ்பீக்கரிலிருந்து மூச்சுச் சத்தம் வந்தது, மூக்கடைத்தவர்கள் வாயால் விடுகிற மூச்சு. அணைக்கிற பொத்தானை அழுத்திப் பார்த்தாள். அணையவில்லை. உள்ளே போய்த்தான் நிறுத்த வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

வெள்ளை அறை. நாற்காலி. அதில் அவளே உட்கார்ந்திருந்தாள்.

தலை கவிழ்ந்திருந்தது. இப்படி ஒரு முகத்தை அவள் கேமராவுக்குக் காட்டவே இல்லை. காதுமடல் வரைக்கும் சிவந்து, உதடு உள்ளே மடிந்து, கண் தரையைவிட்டு எழ மறுத்தது.

'இவர் என்ன உணர்கிறார்?'

சோகம். தவறு. பயம். தவறு. கோபம், அருவருப்பு, ஆச்சரியம், சந்தோஷம். எல்லாமே தவறு. அவளுக்கு விடை தெரியும். பட்டியலில்தான் அது இல்லை.

நாற்காலி கிறீச்சிட்டது. உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். தலை நிமிரவில்லை. ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. சூடான மூச்சு இவள் கழுத்தில் பட்டது. படத்துக்கு ஏது மூச்சு? நெற்றியோடு நெற்றி முட்டியது. கன்னத்தில் ஏதோ இழுபட்டது. உரிந்தது. வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வெளியே போன் அடித்தது.

ஹெட்செட்டைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினாள். ஆலோசகர் பதமாக, பெத்தவங்க சம்மதம் முக்கியம், நாளைக்குக் குழுவில் என்ன சொல்லட்டும் என்று கேட்டார். பூட்டினது நான்தான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அனுப்பிடுங்க. எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்."

அவள் குரல்தான். அவள் சொல்லவில்லை. ஆலோசகர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். திருப்பிக் கூப்பிட விரல் வந்தது. வாய் வரவில்லை. குளியலறைக் கண்ணாடியில் பார்த்தாள். அன்றைக்குக் கேமராவுக்குக் காட்டிய மாதிரியே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தை விரலால் கீழே இழுத்தாள். விட்டதும் மேலே ஏறிக்கொண்டது. உள்ளே நெஞ்சு வெடித்தது. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

நாலு மணிக்குப் பெரியவள் வந்தாள். வாசலிலேயே நின்று, சொல்லிக்கொடுத்த வரிசைப்படி நெற்றி, கண், வாய் என்று அம்மாவின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"சந்தோஷம்," என்றாள். பையை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

இவளும் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றாள். பெரியவள் ரொம்ப நேரம் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. பிறகு கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, எதிரே ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு கன்னம் இருக்கக்கூடிய உயரத்தில், கட்டைவிரலால் மெதுவாகத் துடைத்தாள். விரலிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் விழுந்தது.

"அழாதம்மா," என்றாள். "நான் யார்கிட்டயும் சொல்லல."

கதவருகில் நின்றவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.