பன்னிரண்டு மூச்சு

மூன்றாவது வரிக்கு முன்னால் ஒரு மூச்சு இருக்கும். அன்றைக்கு அது இல்லை.

கத்திரி ஹெட்ஃபோனைக் கழற்றி, சட்டை முனையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், பக்கத்து வீட்டில் யாராவது துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் வீட்டின் பின்னறையில் அவர் கட்டிவைத்திருந்த பதிவுக்கூடத்துக்குள் பகலும் கிடையாது, இரவும் கிடையாது. நான்கு சுவரிலும் பஞ்சு, கதவு விளிம்பில் ரப்பர், ஜன்னல் இருந்த இடத்தில் பலகை. கதவைச் சாத்தினால் தன் ரத்தம் ஓடுகிற சத்தம் தனக்கே கேட்கும். முதல் வரி வந்தது. இரண்டாம் வரி வந்தது. அதற்குப் பிறகு பாடுகிறவள் மூக்கால் லேசாக இழுக்கும் மூச்சு, பாதியில் தட்டி நின்று பின் தொடரும் அந்த மூச்சு, வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. நேராக மூன்றாம் வரி வந்தது.

"அட, என்னடா இது," என்றார் தனக்குத்தானே.

கத்திரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பாட வந்து போகிறவர்கள் வைத்தது. பாடகர்கள் வரிக்கு வரி இழுக்கிற மூச்சுச் சத்தத்தைச் சுவடு தெரியாமல் வெட்டி எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "கத்திரி கைக்குப் போச்சுன்னா பொணம் பாடின மாதிரி சுத்தமா வரும்" என்று ஒரு தபலாக்காரர் எப்போதும் கேலி பண்ணுவார். ஒரே ஒரு பாட்டில்தான் அவர் கை வைக்கவில்லை. அது அவர் மனைவி பாடியது. பேருந்து நிறுத்தத்தில் ஒருத்தி கணவனுக்காகக் காத்து நிற்கிற பாட்டு. பன்னிரண்டு வரி, வரிக்கு ஒரு மூச்சு. அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, ஒரே மூச்சில் என்று சொல்வார்களே, அப்படி ஒரே தடவையில் பாடி முடித்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் குறுந்தகடாக வந்து, தெரிந்தவர்கள் நாலு பேர் கேட்டு, நல்லாருக்கு என்று சொல்லி, அதோடு மறந்தும் போனார்கள்.

போன வருஷம் அவள் போய்விட்டாள். நுரையீரலில் கோளாறு. அன்றைக்கு இவர் இதே அறையில் யாருக்கோ பதிவு நடத்திக்கொண்டிருந்தார். உள்ளே யாரும் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பது இவரே போட்ட சட்டம். இவருடைய போனும் வாசல் கூடையில்தான் கிடந்தது. வெளியே வந்து எடுத்துப் பார்த்தபோது பதினேழு அழைப்புகள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது போர்த்திவிட்டிருந்தார்கள். முகத்தை மட்டும் காட்டினார்கள். கடைசி நேரத்தில் கூட இருந்தது அவளுடைய தங்கைதான். அதற்குப் பிறகு அந்தப் பன்னிரண்டு மூச்சைத்தான் மனுஷன் வைத்துக்கொண்டு வாழ்ந்தார். பாட்டைக்கூட இல்லை. மூச்சை. பாட்டில் அவள் பாடகி. மூச்சில்தான் அவர் பெண்டாட்டி.

ஆறு வாரத்துக்கு முன்னால் தங்கை வந்தாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். முறையாகக் கற்றுக்கொண்டவள், அக்காளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"மாமா, அக்கா பாட்ட நான் பாடட்டுமா? அவ நினைவா ஒண்ணு இருக்கட்டுமே."

வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? மூன்று சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்து, நேரம் இல்லாததால் வரி வரியாகப் பாடினாள். இவரும் பழக்க தோஷத்தில் அவள் மூச்சையெல்லாம் வெட்டி வீசிவிட்டு வரிகளை ஒட்டினார். கேட்டால், சுருதி என்ன, குரல் என்ன, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் உயிர் இல்லை. தபலாக்காரர் சொன்ன பொணம் அப்படியே வந்து நின்றது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வரும்போதே தலையில் தட்டி உட்கார வைத்திருக்க வேண்டும். தட்டுவதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? மனைவியின் குரல் தனியாக இருந்த பழைய பதிவைத் திறந்து, பன்னிரண்டு மூச்சையும் எடுத்து, தங்கையின் பன்னிரண்டு வரிக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார். ஓடவிட்டார். உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கையிடம் திரும்பி, "உங்க அக்கா பாடினதவிட நல்லா இருக்கும்மா" என்றார். சொன்ன வாயைத் தைக்க வேண்டும். ஆனால் அது உண்மை, அதுதான் கொடுமை.

தங்கை அதை இணையத்தில் போட்டாள். பாட்டு பற்றிக்கொண்டது. பேருந்தில், கடையில், மருந்து வாங்கப் போன இடத்தில், எங்கே போனாலும் அதுதான். காப்பி அசலைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது என்று எழுதினார்கள். "அசலா? அப்படி ஒண்ணு இருக்கா என்ன?" என்று ஒருவன் கேட்டிருந்ததை அவர் நாலைந்து தடவை படித்தார்.

அதெல்லாம் முடிந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை ஆசைப்பட்டு அசலைக் கேட்கலாம் என்று உட்கார்ந்தால், மூன்றாம் வரிக்கு முன்னால் மூச்சு இல்லை. நான்காவதிலும் இல்லை. எதிலுமே இல்லை. வெட்டியிருப்பேனோ? இல்லவே இல்லை, நகல்தானே எடுத்தேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அது எனக்குத் தெரியாதா? அலமாரியைக் குடைந்து குறுந்தகட்டை எடுத்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அச்சான தகடு. அதைத் திறந்து யாரும் எதையும் வெட்ட முடியாது. போட்டுக் கேட்டார்.

அதிலும் இல்லை.

திங்கட்கிழமை பத்தாவது வரியில் குரல் கொஞ்சம் இறங்கியது. காதின் கோளாறு என்று நினைத்துக்கொண்டார். புதன்கிழமை ஏழாவது வரியிலேயே இறங்கியது, எட்டில் கரகரத்தது, ஒன்பதில் சொல்லின் கடைசி எழுத்து வரவில்லை. அவள் ஒரு தடவைகூட மூச்சு எடுக்காமல் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷியால் அப்படி எத்தனை வரி பாட முடியும்? வெள்ளிக்கிழமை நான்காவது வரிக்கே அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, ஈரமான சத்தம், காலி டம்ளரில் குழல் போட்டு உறிஞ்சுவது மாதிரி, பஞ்சுச் சுவர் நான்கும் அதை விழுங்க முடியாமல் அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தது. நிறுத்தும் பொத்தானைத் தட்டிவிட்டு வெளியே ஓடி வந்தார். சமையலறை ஜன்னல் வழியே வெயிலும் தெருவும் தெரிந்தன. எவனோ ஒருவன் போனில் பாட்டை அலறவிட்டபடி சைக்கிளில் போனான். தங்கையின் குரல். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவருடைய மனைவி ஆற அமர மூச்சு இழுத்தாள். ஊரெல்லாம் மூச்சு விடுகிறாள். வீட்டில் மட்டும் விட முடியவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

தங்கைக்குப் போன் போட்டார். பாட்டை எடுத்துவிடச் சொன்னார்.

"என்ன மாமா திடீர்னு? நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். தப்புதான். எடுத்துடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"காரணத்தச் சொல்லுங்க."

போனோடு உள்ளே போய், அசலை ஓடவிட்டு, ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடித்தார். மூன்று வரி போயிற்று. நான்காவதில் அந்த ஈரச் சத்தம். பாட்டை நிறுத்தினார்.

"மாமா," என்றாள். குரல் மாறியிருந்தது. "இத எப்ப ரெக்கார்ட் பண்ணீங்க?"

"இது பழசும்மா. அந்தப் பாட்டுதான்."

"பொய் சொல்லாதீங்க. இது கடைசி நாள். அக்கா இப்படித்தான் இழுத்தா. மூணு மணி நேரம். நான் கையப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன்." அழத் தொடங்கிவிட்டாள். "நீங்கதான் அப்ப அங்க இல்லவே இல்லையே. உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

சனிக்கிழமை அவள் பாட்டை எடுத்துவிட்டாள். எடுத்து என்ன? ஆயிரமாயிரம் போனில் ஏறிய பாட்டு இறங்கி வருமா? இவரும் சும்மா இருக்கவில்லை. தங்கையின் பதிவிலிருந்து பன்னிரண்டு மூச்சையும் எடுத்து, மனைவியின் வரிகளுக்கு முன்னால் திரும்ப வைத்துப் பார்த்தார். திரையில் அவை சின்னச் சின்ன மேடுகளாகத் தெரிந்தன. ஓடவிட்டால் அந்த இடம் சத்தமில்லாமல் போயிற்று. பன்னிரண்டு தடவை முயன்றார். கெஞ்சிக்கூடப் பார்த்தார், இயந்திரத்திடம்.

ஞாயிறு வந்தது. ஹெட்ஃபோன் வேண்டாம் என்று இரண்டு ஒலிபெருக்கிகளையும் மேசை விளிம்புக்கு இழுத்து வைத்து, முகத்தை அவற்றுக்கு நடுவே கொண்டுபோய் உட்கார்ந்தார். இன்று முதல் வரியிலேயே அவளால் முடியவில்லை. சொல் பாதியில் அறுந்து அந்த ஈரச் சத்தம் மட்டும் இழுத்தது. கேட்கச் சகிக்கவில்லை. கை நிறுத்தும் பொத்தானுக்குப் போயிற்று. போன கை நின்றது. அன்றைக்கும் இப்படித்தானே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று உள்ளே ஏதோ கேட்டது.

"இழும்மா," என்றார். "மெதுவா இழு. நான் இருக்கேன்."

சொல்லிக்கொண்டே, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் தாங்களும் வாயைத் திறப்பார்களே, அந்த மாதிரி, தன்னை அறியாமல் தானும் ஒரு மூச்சு இழுத்தார்.

இரண்டாம் வரி முழுசாக வந்தது.

தெளிவாக, இளமையாக, அவளுடைய சொந்தக் குரலில். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றாம் வரிக்கு முன்னால் மறுபடி இழுத்தார். வந்தது. நான்கு. வந்தது. சிரித்தார், அழுதார், இரண்டும் ஒன்றாகவே வந்தன. தங்கை பாடியதெல்லாம் இதற்குக் கால் தூசி பெறாது. இவள் இதுவரைக்கும் இப்படிப் பாடியதே இல்லை. யாருமே பாடியதில்லை.

ஆறாவது வரியில்தான் கவனித்தார். இழுத்தது தெரிகிறது. விட்டது தெரியவில்லை.

நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெளியே விடலாம் என்று வாயைக் குவித்தார். விடுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. ஏழு. காதுக்குள் கடல் இரைந்தது. எட்டு. விரல் நுனிகள் மரத்தன. கதவு மூன்றடி தூரத்தில் இருந்தது. ஒன்பது. திறந்தால் போதும், வெயில், காற்று, பக்கத்து வீட்டுச் சத்தம், எல்லாம் இருக்கிறது.

எழுந்திருக்கவில்லை. ஒரு தடவை அவளை விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது போதும்.

பத்து. பதினொன்று.

பன்னிரண்டாவது வரி நீளமானது. காத்திருக்கிறவள் தூரத்தில் ஒரு பேருந்தின் விளக்கைப் பார்க்கிறாள். அந்த வரியை அவள் அவ்வளவு அழகாக முடித்தாள். பாட்டு ஓய்ந்தது. திரையில் கோடு தட்டையாக ஓடியது. பதிவு முடிந்துவிட்டது. இனி இதில் எதுவும் இல்லை.

"என்னங்க," என்றாள்.

அவள் அந்தப் பதிவில் பேசியதே இல்லை.

"இன்னொரு தடவ பாடட்டுமா?"

பதில் சொல்ல அவரிடம் காற்று இல்லை. தலையை மட்டும் ஆட்டினார். ஆமாம் என்றா, வேண்டாம் என்றா, அவருக்கே தெரியவில்லை.

மறுபடி தொடங்கியது. சத்தமே இல்லை. முதல் வரிக்கு முன்னால் இருக்கும் அந்த இடம்.

இந்த முறை அவள் காத்திருக்கவில்லை.

இரண்டு ஒலிபெருக்கிகளின் கறுப்புக் கூம்புகளும் உள்நோக்கிக் குழிந்தன. மேசையிலிருந்த தூசி எழுந்து அவற்றை நோக்கி நகர்ந்தது. பாட்டு வரிகள் எழுதிய காகிதம் போய் ஒட்டிக்கொண்டது. கதவு விளிம்பின் ரப்பர் இறுகிக் கிரீச்சிட்டது. அவருடைய சட்டைக் காலர் முன்னால் எழும்பியது. கன்னங்கள் ஒட்டின. உதடுகள் பிரிந்து முன்னால் இழுபட்டன.

கூம்புகள் இன்னும் குழிந்தன. குழிந்தபடியே நின்றன.