லூர்தம்மாளின் பிழைகள்

அடுத்தவர் எழுதியதைத் திருத்துவது அந்த நாட்களில் அடுத்தவர் சட்டைப்பைக்குள் கைவிடுவதற்குச் சமமாகிவிட்டிருந்தது. பள்ளிக்கூடங்களில் சிவப்பு மையை ஒழித்து வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளை 'சுவற்றில்' என்று எழுதினால் பெற்றவர்கள் கண்டுகொள்ளாததுபோல் இருந்தார்கள். உள்ளுக்குள் சந்தோஷம்தான், பிள்ளைக்குப் பூட்டு அமைய ஆரம்பித்துவிட்டதே என்று. பத்திரிகைகளில் மெய்ப்புத் திருத்துபவர்கள் ரகசியம் காப்பதாகப் பிரமாணம் எடுத்துக்கொண்ட பிறகுதான் பேனாவைத் தொட்டார்கள். பெரிய புலவர்கள் சிலருக்கு மின்னஞ்சலே கிடையாது. பாவம், அவர்களுக்குப் பிழை வராது.

எல்லாம் பிழைப்பூட்டு வந்ததால் வந்த வினை. கடவுச்சொல்லைத் திருடினார்கள், விரல்ரேகையை அச்செடுத்தார்கள், முகத்தையும் குரலையும்கூடச் செய்துகொண்டு வந்து ஊரார் மின்னஞ்சலைத் திறந்தார்கள். கடைசியில் ஒரு நிறுவனம், திருட முடியாத சொத்து ஒன்று மனிதனிடம் இருப்பதைக் கண்டுபிடித்தது. அது அவன் செய்யும் தப்பு. மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கப் போனால் பூட்டு ஏதோ ஒரு சாதாரணக் கேள்வி கேட்கும். மூன்று வரி தட்டெழுத வேண்டும். என்ன எழுதுகிறோம் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. எந்த 'ர'வில் சறுக்குகிறோம், எந்த ஒற்றை விழுங்குகிறோம், எந்த இடத்தில் கொஞ்சமும் சந்தேகமில்லாமல் கை நிற்காமல் தப்பு செய்கிறோம் என்று பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடும். தன் பிழை இன்னதென்று தனக்கே தெரியாது. தெரியாததை யாரிடம் போய் உளற முடியும்? மாற்றுச் சாவி கிடையாது என்பதையே விளம்பரமாகப் போட்டு விற்றார்கள். அது 'பிழை பூட்டு'தானா, 'பிழைப்பு ஊட்டு'வதா என்று பட்டிமன்றக்காரர்கள் ஒரு வருடம் ஓட்டினார்கள்.

தூத்துக்குடி பெண் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் லூர்தம்மாள் அந்தப் பூட்டைத்தான் நம்பினாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், ஐம்பத்திரண்டு வயது. உப்பிலிருந்து மின்கலம் செய்யும் ஆலை ஒன்றில் கழுவும் பிரிவுப் பெண்கள் பதினோரு பேர் அவளுக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார்கள். என்றென்று வாயு கசிந்தது, யார் யாருக்குக் கண் மங்கியது என்று தேதியும் படமுமாக எழுதியிருந்தார்கள். ஆலை வாசலில் கைபேசியைச் சோதிப்பார்கள் என்பதால் அனுப்பிய கையோடு தங்களிடம் இருந்ததை அழித்துவிட்டார்கள். ஆக, ஆதாரம் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. உங்கள் பெயர் வெளியே போகாது, அதற்கு நான் பொறுப்பு என்று லூர்தம்மாள் ஒவ்வொருத்தியிடமும் சொல்லியிருந்தாள்.

போன மாதம் பதினோரு பேரையும் ஒரே நாளில் வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

பூட்டு நிறுவனத்திடம் அறிக்கை கேட்டு வாங்கியபோது அது இன்னும் மோசமாக இருந்தது. அவள் ஊரில் இல்லாத நாட்களில் பெட்டி மூன்று முறை திறக்கப்பட்டிருக்கிறது. மூன்றும் சங்க அலுவலகத்துக் கணினியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். மூன்று முறையும் திறந்தவர் லூர்தம்மாளேதான், ஐயத்துக்கு இடமில்லை. அந்தத் தாள் எப்படியோ பெண்கள் கைக்கும் போய்விட்டது. பதினோரு பேரில் மூத்தவளான பேச்சித்தாய் அலுவலகத்துக்கு வந்து தாளை மேசைமேல் வைத்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் போய்விட்டாள். அந்த மூன்று நாளும் தான் சாத்தான்குளத்தில் கூட்டத்தில் இருந்ததாக லூர்தம்மாள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஒரே ஆறுதல், கடிதங்கள் அப்படியே இருந்தன. எதையாவது அழித்தால் உடனே உரியவரின் கைபேசிக்கு எச்சரிக்கை போய்விடும் என்பதால் திருடன் எதையும் தொடவில்லை. தொழிலாளர் துறை விசாரணை அதிகாரி முன்னால் பெட்டியைத் திறந்து கசிவை நிரூபித்தால் போதும், பதினோரு பேருக்கும் வேலை திரும்பக் கிடைக்கும். அச்செடுத்த தாளை இப்போதெல்லாம் யாரும் நம்புவதில்லை, எதையும் செய்துகொண்டு வரலாம் அல்லவா? விசாரணை மறுநாள் காலை.

திருடன் தட்டெழுதிய வரிகளை நிறுவனம் அனுப்பியிருந்தது. அவள் நான்கு தடவை படித்தாள். ஒரு தப்பும் கண்ணில் படவில்லை. தான் எழுதியது போலத்தான் இருந்தது. நிறுவனத்தைக் கூப்பிட்டபோது பேசிய பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "அம்மா, உங்க எழுத்தை யாராவது திருத்துறதுண்டா?" என்று கேட்டாள்.

இல்லை என்றாள் லூர்தம்மாள். நாலு பேர் மத்தியில் ஒத்துக்கொள்கிற விஷயமா அது? ஆனால் அழைப்பை முடித்ததும் அவள் கண் தானாகப் பக்கத்து மேசைக்குப் போயிற்று. அங்கே சங்கத்தின் துணைச் செயலாளர் தங்கப்பழம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பதினாலு வருடமாக அவள் எழுதும் துண்டறிக்கை, மேடைப்பேச்சு எல்லாவற்றையும் அவன்தான் திருத்துவான். தப்பும் தவறுமாகத் துண்டறிக்கை போட்டால் நிர்வாகத்துக்காரர்கள் எட்டாங்கிளாஸ் தலைவி என்று வாசித்துக் காட்டிச் சிரிப்பார்கள். பூட்டு வந்த பிறகாவது நிறுத்தியிருக்க வேண்டும். நம்ம தங்கப்பழம்தானே என்று இருந்துவிட்டாள்.

அவன் எதிரில் போய் நின்றாள். திருடன் எழுதிய வரிகளை நீட்டினாள். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து, மகளுக்கு அந்த ஆலையில் பொறியாளர் வேலை போட்டுக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். கடிதம் எழுதியவர்களின் பெயர் மட்டும்தான் ஆலைக்காரர்கள் கேட்டார்கள், வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று சத்தியமாகத் தெரியாது என்றான். அது பொய் என்று இருவருக்குமே தெரியும். இந்தப் பேச்சை வேறெங்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்பதையும் மரியாதையாகவே சொல்லிவிட்டான்.

லூர்தம்மாளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவளுக்குத் தாங்க முடியாதது வேறு.

"என்னய மாதிரியே எப்பிடிலே எழுதுன?" என்று கேட்டாள்.

தங்கப்பழம் அழ ஆரம்பித்தான். "பதினாலு வருசமாப் படிக்கேம்லாக்கா. ரெண்டு மாசம் ஒக்காந்து எழுதிப் பழகுனேன். பொறுமைக்குச் சின்ன 'ரு' போடுவிய. முயற்சியில ஒரு 'ச்' கூட வரும். 'வந்த கடிதம்'னு எழுத மாட்டிய, நடுவுல ஒரு 'க்' போட்டாத்தான் ஒங்களுக்கு நிம்மதி." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அண்ணாச்சி செத்து ஒம்பது வருசம் ஆச்சு. இன்னைக்கும் 'என் வீட்டுக்காரர் இருக்கிறார்'னுதான் எழுதுதிய. ஒவ்வொரு தடவையும் நான்தான் 'இருந்தார்'னு மாத்துவேன். ஒங்ககிட்டச் சொன்னதே இல்ல."

அவளும் அழுதாள். அவளை இவ்வளவு உன்னிப்பாகப் படித்தவர்கள் உலகத்தில் யாருமே இல்லை. அப்படிப் படித்தவன்தான் விற்றிருக்கிறான். வெளியே போ என்று மட்டும் சொன்னாள். அவன் போனான்.

மறுநாள் விசாரணை அறையில் பதினோரு பெண்களும் பின்வரிசையில் இருந்தார்கள். ஒருத்தியும் லூர்தம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. போகட்டும், இன்னும் ஐந்து நிமிடத்தில் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பெட்டியைத் திறக்க ஆலைத் தரப்பு ஆட்சேபிக்குமா என்று அதிகாரி கேட்டார். ஆலையின் வக்கீல், தாராளமாகத் திறக்கட்டும், எல்லோரும் பார்க்கும்படி பெரிய திரையிலேயே திறக்கட்டும் என்றார். அவருக்கு அவசரமே இல்லை.

பூட்டு கேட்டது: 'உங்கள் வீட்டில் இருப்பவர்களைப் பற்றி மூன்று வரி எழுதுக.'

லூர்தம்மாள் 'என் வீட்டுக்காரர்' என்று அடித்தாள். கை நின்றுவிட்டது.

ஒன்பது வருடத்தில் அந்த இடத்தில் ஒரு தடவைகூட நின்றதில்லை. 'இருக்கிறார்' என்று எழுத வேண்டும். அது தப்பு என்று இப்போது தெரியும். தெரிந்தே எழுதினாள். 'தயக்கம் காணப்படுகிறது. எழுதுபவர் நடிக்கிறார். இன்னும் இரண்டு வாய்ப்பு' என்றது திரை.

அடுத்த தடவை வேகமாக எழுதிப் பார்த்தாள். பொறுமை என்ற சொல் வந்ததும் சின்ன ருவும் பெரிய றுவும் சேர்ந்து முன்னால் வந்து நின்றன. வேண்டுமென்றே சின்னதை அடித்தாள். பூட்டு ஏமாறவில்லை. வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் இந்தத் தடுமாற்றத்தை எதிர்பார்த்தேதான் வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடிதங்களை அழிக்க முடியாதவர்கள் அவளையே அழித்துவிட்டார்கள். நேற்று தங்கப்பழம் அவள் பிழைகளைச் சொல்லி அழுததும் ஆலை கொடுத்த வேலைதானா? அதை அவளே அல்லவா கேட்டு வாங்கினாள்?

மூன்றாவது தடவை நடிப்பை விட்டுவிட்டு வந்ததை எழுதினாள். 'என் வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவர் நல்லவராக இருந்தார். இப்போது வீட்டில் நான் மட்டும்தான்.' அப்படி அவள் எழுதுவது அதுதான் முதல் தடவை.

திரை நிதானமாகப் பதில் சொன்னது. 'எழுத்தில் பிழை எதுவும் இல்லை. நீங்கள் லூர்தம்மாள் அல்ல. பெட்டி நிரந்தரமாக மூடப்படுகிறது.'

அதிகாரி குறித்துக்கொண்டார். லூர்தம்மாள் திரும்பிப் பார்த்தாள். பேச்சித்தாய் எழுந்து நின்றிருந்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"கம்பெனிக்காரனுக்கு மூணு தடவ தெறந்துச்சு," என்றாள். "எங்களுக்குன்னா மட்டும் தெறக்க மாட்டேங்கு, என்னக்கா?"