பதில் குரல்

மதியத் தொழுகை அழைப்பு ஜன்னலுக்கு வெளியே அடங்கிய பிறகுதான் தஸூக்கிக்கு அது உறைத்தது: கட்டிலோரத்து எந்திரம் அவரை முந்திக்கொண்டிருந்தது.

காலையில் அவர் இதயத்தில் லேசரால் பொடித்துளைகள் போட்டிருந்தார்கள். ரத்தக்குழாய்கள் மொத்தமாக அடைத்துப்போய், வேறு வழியில்லையாம். நடுவில் இதயம் ஓய்ந்துவிடாமலிருக்கத் தொடை வழியாக ஒரு பலூனை உள்ளே செலுத்தி, இந்த எந்திரத்தோடு மாட்டியிருந்தார்கள். இதயம் அடிக்கும், பிறகு எந்திரம் ஊதும். டக், புஸ். அவருக்கு இது பழகிய கணக்குத்தான். அலெக்சாந்திரியா துறையில் படகைக் கரையேற்றும்போது "ஹேலா" என்று முதல் குரல் கொடுக்கும் ரயீஸ், படகுத் தலைவர், அவர். பதிலுக்கு "ஹோப்" என்று நாற்பது பேர் கயிற்றை இழுப்பார்கள்.

இப்போது, மருந்து நெடிக்குள் எங்கிருந்தோ ஈரக் கயிற்றின் உப்பு வாடையும் கலந்து வர, முதலில் புஸ். அதற்கப்புறம்தான் டக்.

"சிஸ்டர், இது எனக்கு முன்னாடி கூப்பிடுது."

இன்சாப் திரையைப் பார்த்தாள். "உங்க நெஞ்சு கூப்பிட்டாத்தான் இது ஊதும், சித்தப்பா. இங்கயும் நீங்கதான் ரயீஸ், போதுமா? கால மட்டும் மடக்காதீங்க."

"நாப்பது பேர மேய்ச்சவன்மா. யாரு முதல்ல கத்துறான்னு எனக்குத் தெரியாதா?"

சாயங்காலம், இதயம் தனியாக நிற்கிறது என்று சொல்லி டாக்டர் பலூனை உருவினார். வயரைச் சுருட்டி எந்திரத்தை மூலைக்குத் தள்ளினார்கள். ரத்தம் நிற்க, இன்சாப் அவர் தொடையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றாள்.

புஸ்.

மூலையிலிருந்து.

டக் என்றது அவர் நெஞ்சு. கீழ்ப்படிந்தது.

புஸ். டக்.

சுருட்டிய வயர். இருண்ட திரை. உப்பு வாடை.

"உனக்கு நான் பதில் குரலா?" பல்லைக் கடித்தார். "போடா."

புஸ்.

அவர் நெஞ்சு பதில் கொடுக்கவில்லை.

புஸ்.

மாட்டேன்.

தலைமாட்டு மானிட்டரில் அலாரம் அலறியது. பச்சைக் கோடு நேராக ஓடியது. இன்சாப் நிமிர்ந்தாள். அவர் கண் விழித்திருந்தார். மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சிரித்தார்.

"இப்பப் பாரு, யாரு ரயீஸுன்னு."

மூலை அமைதியாயிருந்தது. காத்திருந்தது.

"ஹேலா," என்றார் தஸூக்கி.

புஸ்.

கோடு நேராகவே ஓடியது. அவர் தொடைக்குள், அவள் உள்ளங்கைக்கு அடியில், நனைந்த கயிறு போல ஒன்று விறைத்து, மேல்நோக்கி ஒரு பிடி இழுபட்டது.