பழைய ஆசிம்

மதியம் மூன்று இருபத்தைந்துக்கு, மூன்றாவது முறை டெர்மினல் அறுந்தபோதுதான் ஆசிமுக்கு ஒன்று உறைத்தது. அவன் கை கீபோர்டின் மேலேயே இல்லை. ஆனால் மறைவதற்கு முன் அந்தக் கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடியிருந்தன.

அன்று ஆடிக் கிருத்திகை. திருத்தணியில் அன்றைக்கு எவன் வேலை பார்ப்பான்? பார்சல் ஆபீஸ் மொத்தமும் மலையேறிவிட்டது. ரம்ஜானுக்கு அவனுக்காக மற்றவர்கள் உட்காருவார்கள், கிருத்திகைக்கு அவன். இங்கிருக்கும் புதுக் கம்ப்யூட்டரிலிருந்தபடியே அரக்கோணம் குடோனின் கிழட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை பார்க்க ஒரு மென்பொருள் உண்டு. அதுதான் டெர்மினல். புதுசுக்கும் பழசுக்கும் ஏழாம் பொருத்தம், அறுந்துகொண்டே இருந்தது. சரிசெய்துவிட்டால் ஐந்து மணிக்குக் கிளம்பி, மனைவி ஆலிமா பெற்று இருபது நாளான மகளைப் போய்த் தூக்கலாம். அவனுக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

வாட்ச்மேன் சுப்பு ஷட்டரை வெளியே பூட்டிக்கொண்டு போயிருந்தார். வருஷா வருஷம் அப்படித்தான். "தொறந்து வச்சா பாத்ரூம் கேட்டு கூட்டம் வந்துகினே இருக்கும் தம்பி. அஞ்சு மணிக்கு வந்து தொறக்கறேன்."

தகரத்துக்கு அந்தப் பக்கம் பம்பையும் உடுக்கையும் அரோகராவுமாகத் தெருவே கொதித்துக்கொண்டிருக்க, இடுக்கு வழியே கற்பூரப் புகையும் வெயிலில் வாடிய காவடிப் பூவின் வாசமும் நுழைந்து, பழைய அட்டைப்பெட்டி நாற்றத்தோடு கலந்து தொண்டையில் உட்கார்ந்தது.

அறுந்து மறுபடி நுழையும்போதெல்லாம் திரை ஒன்று கேட்கும்: ஆசிம் என்ற பெயரில் இருவர் இருக்கிறார்கள். பழையவரை நீக்கலாமா? அறுந்த இணைப்பு அப்படித்தான் உள்ளே தங்கிவிடும். நீக்கிவிட்டுப் போவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் கைப்பழக்கம். படித்துக்கூடப் பார்க்காமல் ஆம், ஆம் என்று தட்டிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும் நீக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு, அப்படியே உள்ளே விட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

நாலரைக்கு, காரணம் தேடி, அறுவதற்கு முன் கடைசியாகத் தட்டிய எழுத்துகளின் பதிவைத் திறந்தான்.

சுப்பண்ணே, ஷட்டரைத் தொறங்க.

பக்கம் பக்கமாக அதே வரி. அவன் அதைத் தட்டவில்லை.

அரக்கோணத்தில் குடோனைப் பார்த்துக்கொள்ளும் ஹுசைனா அக்காவுக்குப் போன் போட்டு, அங்கே யார் உட்கார்ந்து விளையாடுவது என்று கேட்டான்.

"இங்க யாரும் இல்லியே ஆசிம்," என்றாள். "இந்தப் பொட்டி நேத்திலேர்ந்து ஆஃப்ல கெடக்குது. நீ காலைலேர்ந்து எதுக்குள்ள போய்கினு இருக்க?"

போனை வைக்கும்போதே டெர்மினல் மறுபடி அறுந்தது. கேள்வி வந்தது. விரல் பழக்கத்தில் தட்டிவிட்டது. தட்டிய பிறகுதான், கேள்விக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தை முதல்முறையாகப் படித்தான்.

ஆசிம், வந்தது 9.10.
ஆசிம், வந்தது 3.25.

காலையில் ஒன்பது பத்துக்குத்தான் அவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்தான். பழையவர் அவன்தான்.

நீக்கப்பட்டது, என்றது திரை.

ஓடிப்போய் ஷட்டரைத் தட்டினான். தகரம் அதிரவில்லை. இரண்டு கையாலும் குத்தினான். சத்தமே இல்லை. கத்தினான். அவனுக்கே கேட்கவில்லை.

வெளியே சாவிக்கொத்து. பூட்டு. ஷட்டர் கடகடவென்று மேலே போனது. வெயில். சுப்பு நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். ஆசிமுக்கு அழுகையே வந்துவிட்டது. நேரே அவர் முகத்துக்கு முன்னால் போய் நின்றான்.

சுப்பு அவனைத் தாண்டி நாற்காலியைப் பார்த்தார். "முடிஞ்சுதா தம்பி?"

"ஆங், முடிஞ்சுதுண்ணே." அவனுடைய குரல். அவனுக்குப் பின்னாலிருந்து. "ஆலிமா காத்துகினு இருப்பா. பாப்பாவைத் தூக்கணும்."

அவன் சட்டை. அவன் செருப்பு. மேசையிலிருந்த செல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அவனைக் கடந்து வெயிலுக்குள் போனது. ஆசிம் பின்னால் பாய்ந்தான். வாசல் அவனை விடவில்லை.

ஷட்டர் இறங்கியது. பூட்டு.

இருட்டு. கறுப்புத் திரை மட்டும். கீபோர்டில் விரலை வைத்தான். அது ஒன்றுதான் அழுந்தியது.

சுப்பண்ணே, ஷட்டரைத் தொறங்க.
சுப்பண்ணே, ஷட்டரைத் தொறங்க.