ஓரத்தில் அந்தோணியார்

"ஏங்க... கொஞ்சம் தள்ளுங்க! என் படம் பூரா உங்க முதுகுதான் இருக்கு!"

ஆனைக்கரையில் புனித அந்தோணியாரைச் சுமந்த பெருநாள் சப்பரம் மழையில் மெல்ல மலைப்பாதை ஏறி வந்துகொண்டிருந்தது. ரிஜின் கேமராவோடு திரும்பினான். சேற்றில் முழங்கால் ஊன்றி, தன் கேமராவைத் துப்பட்டாவால் மூடிப் பிடித்தபடி ஒருத்தி... இமையெல்லாம் மழைத்துளி. அதற்குள்ளே சண்டைக்கு நிற்கும் கண்கள்! ஒரு கணம் அவனுக்குச் சப்பரமே மறந்துபோனது.

"வருசா வருசம் நான் நிக்கிற இடம் இது. சப்பரத்த நடுவுல வச்சு எடுக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"நடுவுல வச்சா ஆதார் கார்டு போட்டோதான் வரும்... அங்கிட்டுப் போங்கண்ணே!"

அண்ணனா? அந்த ஒரு சொல்லில் ரிஜின் நொந்தே போனான்.

மறுநாள் கமிட்டி மேசையில் இருவர் படங்களும் கிடந்தன. பெருநாள் நன்றிப் போஸ்டருக்கு ஒன்றுதான் வேண்டும். பெண்ணை நம்பி யாரும் கல்யாணப் போட்டோ ஆர்டர் தராத இந்த மலையில், நேற்று அவனோடு மல்லுக்கு நின்ற ஜெஸ்னாவுக்கு அந்தப் போஸ்டரில் பெயர் வந்தே ஆக வேண்டும்.

கமிட்டித் தலைவர் சகாயம் ரிஜினின் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மேசையில் கிடந்த ஜெஸ்னாவின் படத்தைக் காட்டினார்.

"புனிதரை இப்பிடி ஓரத்துல தள்ளிட்டியேம்மா... இது மரியாதையா?"

ஜெஸ்னா தன் படத்தை அவர் முன்னால் நகர்த்தினாள். கெஞ்சவில்லை.

"ஐயா... கீழ மூலையில இருக்கிற குடையில விரல வைங்க. அப்பிடியே குடைகளத் தொட்டுக்கிட்டே மேல போங்க."

அவர் விரல் குடை குடையாக ஏறி, வளைந்து, வலது ஓரத்தில் விளக்கொளியில் நின்ற அந்தோணியாரிடம் போய் நின்றது. எடுக்க மனமில்லாமல் அங்கேயே இருந்தது.

"நடுவுல வச்சா நாம நின்னு வேடிக்கைதான்யா பாப்போம். இதுல சனத்தோட சேந்து அவருகிட்டப் போறோம்."

"ஆமா தாயி... ஊரே நடக்குதே!" சகாயத்தின் குரல் தழுதழுத்தது. "இதுதான் போஸ்டர்! இவ பேரப் பெருசாப் போடுங்க!"

ரிஜினுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் முதலில் கைதட்டியது அவன்தான்.

வெளியே மழை. குடையோடு அவள் பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஜெயிச்சிட்டீங்க! மொதக் கல்யாண ஆர்டர் நான் தரேன்."

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான்."

அவள் முகம் வாடியது. ஏன் வாடுகிறோம் என்று தன்மேலேயே கோபமும் வந்தது.

"பொண்ணு...?"

"அங்கதான் சிக்கல். எனக்குப் பிடிச்ச பொண்ணு கேமராவும் கையுமா அலையுறா. அவ படம் எடுக்கப் போயிட்டா... எம்பக்கத்துல யாரு நிப்பா?"

ஜெஸ்னா மழையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு சிவந்த முகத்தோடு அவன் குடைக்குள் வந்து நின்றாள்.

"டைமர் போட்டுட்டு ஓடியாந்துருவேன்ல!"