சாமி அலமாரியில் பதிமூன்றாம் கார்டு

"டீ ஆறிடப் போவுது. சீக்கிரம் வாங்க!"

"மூடி வை பானு. மோட்டாரைப் போட்டுட்டு வந்துடறேன்."

பானுமதி டம்ளர் மேல் தட்டைக் கவிழ்த்தாள். காலை மணி ஆறு. மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வரும் நேரம். தீர்த்தகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு நடந்தார்.

ஆறே முக்காலுக்கு அலறல் கேட்டது.

"அக்கா...! கெணத்துல... அண்ணன்...!"

டீ அப்படியே ஆறிப்போனது.

மூன்றாம் நாள். பால் தெளித்து முடித்த கையோடு வீடு நிறைய சனம். சாமி அலமாரிக்கு வெள்ளை வேட்டித் துணியால் திரை போட்டிருந்தார்கள். கருமாதி முடியும்வரை அதை யாரும் தொடக்கூடாது.

எஸ்.ஐ. பச்சியப்பன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மத்தியானத்துக்குள் ஃபைலை மூடிவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போகிற அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது.

"ஒரு கையெழுத்தும்மா. பயத்துல தற்கொலைன்னு எழுதியிருக்கேன்."

"எதைப் பாத்து பயம்?"

பச்சியப்பன் ஒரு பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக் காட்டினார்.

உள்ளே ஒரு சீட்டு. கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு. வெள்ளைக் குதிரை. கையில் கறுப்புக் கொடி.

"கெணத்து மேட்டுல, செருப்புக்கு அடியில இருந்துச்சு. டாரோ கார்டு, ஜோசியச் சீட்டு. பதிமூணாம் நம்பர்... மரணம்!"

வீடே "அய்யோ" என்றது. பக்கத்து வீட்டு சாலம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மூன்று நாளாக ஊர் முழுக்க இதே பேச்சு. அறுபது அடிக் கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்து வளர்ந்த மனுஷன், ஒரு சீட்டைப் பார்த்து பயந்து செத்தானாம்!

நீட்டிய காகிதத்தைப் பானுமதி தொடவில்லை. போனவர் போய்விட்டார். போனவரைக் கோழை என்று காகிதத்தில் எழுதி, அதில் அவளையே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

"தலையில அடிபட்டிருந்துச்சுங்களே?"

"விழறப்ப படிக்கட்டுல பட்டிருக்கும்."

"போட்டுடுங்க அண்ணி." கொழுந்தன் குமார் பேனாவை நீட்டினான். கண் சிவந்திருந்தது. அழுததாலா, வேறெதனாலா என்பது அவன் மூச்சுக்குத் தெரியும். "நான்தான் பாவி. ஞாயித்துக்கெழம போர்வெல் போடறதைப் பத்திக் கேக்கலாம்னு அண்ணனை அந்தக் கார்டு பாக்கறவருகிட்ட கூட்டிட்டுப் போனேன். நான் கீழ டீக்கடையில உக்காந்துட்டேன். எறங்கி வந்து 'பதிமூணு வந்துதுடா'ன்னு சொன்னாரு. மூஞ்சி செத்துப்போச்சு..."

கூடவே, வேறொரு காகிதத்தின் நுனி அவன் சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது. கிணற்று நிலத்தைப் பிளாட் போட விற்கும் ஒப்பந்தம். தீர்த்தகிரி ரெண்டு வருஷமாகக் கையெழுத்துப் போட மறுத்தது.

மூலையில் பட்டு ஜிப்பாவோடு ஒருவர் நெளிந்தார். மிஸ்டிக் ராஜா. பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், எதிர்காலம் சொல்பவர். போன வருஷம் வரை அதே மாடியில் செல்போன் கவர் விற்றவர். சாட்சி சொல்ல எஸ்.ஐ. கூட்டி வந்திருந்தார்.

"மேடம், அந்தக் கார்டுக்கு சாவுன்னு அர்த்தமே கெடையாது! முடிவு... மாற்றம்! ராஜா கீழ விழுந்து கெடக்கான், கொழந்தை பயப்படாம பூ நீட்டுது, தூரத்துல சூரியன் உதிக்குது பாருங்க. பழசு போயி புதுசு வரும்னு அர்த்தம். சார்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு மேடம். அப்புறம் ஒண்ணு கேட்டாரு..."

"அது இருக்கட்டும் மாஸ்டர். ஒரு கட்டுல இந்தக் கார்டு எத்தனை?"

"எழுவத்தெட்டுல ஒண்ணே ஒண்ணுதான்."

பானுமதி எழுந்தாள்.

நேராகச் சாமி அலமாரிக்குப் போனாள். திரையைப் பிடித்தாள்.

"ஏ பானு! தீட்டு...!" சாலம்மாள் அலறினாள். "கருமாதிக்கு முன்னால தொறக்கறியே, கண்ணு அவிஞ்சிரும்டி!"

சரக்!

திரை கீழே விழுந்தது.

முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, காய்ந்த சாமந்தியோடு நின்றது... இன்னொரு பதிமூன்றாம் கார்டு!

பச்சியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இது... எப்படிம்மா இங்க?"

"ஞாயித்துக்கெழம கேட்டு வாங்கிட்டு வந்தாருங்க. வெள்ளைக் குதிரையில வர்றது நம்ம முனியப்பன்னு நெனச்சிட்டாரு. 'எலும்பும் தோலுமா இருக்காரே'ன்னேன். 'வெரதமா இருந்திருப்பாரு, நீ பொங்கல் வை'ன்னாரு. மூணு நாளு கும்பிட்டாரு சார். கும்பிட்ட சாமியைப் பாத்து எவனாச்சும் பயந்து சாவானா?"

பானுமதி குமாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"'குமாருகிட்ட சொல்லாத, கிண்டல் பண்ணுவான்'னாரு. நானும் சொல்லல."

எஸ்.ஐ. ரெண்டு கார்டையும் திருப்பினார். ரெண்டின் முதுகிலும் ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப். 'மிஸ்டிக் ராஜா, பஸ் ஸ்டாண்டு எதிரில், மாடி.' நூலகப் புத்தகத்துக்குக் குத்துகிற மாதிரி ஒவ்வொரு சீட்டுக்கும் குத்தி வைத்திருந்தார் மாஸ்டர்.

"யோவ் ராஜா! ரெண்டும் உன் கார்டுய்யா!"

எதிர்காலம் தெரிந்தவருக்கு அந்த நிமிஷம் நிகழ்காலமே தெரியவில்லை. வியர்வையில் ஜிப்பா நனைந்தது.

"சார்... சத்தியமா சார்! சாமி மாதிரி இருக்குன்னு கேட்டாரு, குடுத்துட்டேன். கட்டு கொறஞ்சிடுச்சேன்னு திங்கக்கெழம புதுக் கட்டு பிரிச்சு ஸ்டாம்ப் போட்டேன். நேத்து எண்ணிப் பாத்தா அதுலயும் பதிமூணைக் காணோம்!"

"நடுவுல யாரு வந்தா?"

"செவ்வாக்கெழம... ஒரே ஒருத்தர்தான். குடிக்கத் தண்ணி கேட்டாரு. உள்ள போயி எடுத்துட்டு வந்தேன்..."

மாஸ்டரின் விரல் மெல்ல உயர்ந்தது. குமார் பக்கம் நின்றது.

"பொய்!" குமார் கத்தினான். "கார்டு அவன்கிட்டதான இருக்கும்? அதை அண்ணன் வூட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டாருன்னு எவன் எங்கிட்ட சொன்னான்? தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு இன்னொண்ணை..."

நிறுத்தினான்.

தாமதமாக நிறுத்தினான்.

"எதுக்கு இன்னொண்ணை எடுக்கப் போறேன்... அதானே தம்பி?" பச்சியப்பன் அன்பாகக் கேட்டபடி அவன் காலரைப் பிடித்தார். பிரியாணி தள்ளிப்போன கோபம் மொத்தமும் அந்தப் பிடியில் இருந்தது.

ஒப்பந்தக் காகிதம் பையிலிருந்து நழுவி விழுந்தது. பானுமதி அதை எடுத்து, நாலாகக் கிழித்து, அவன் பையிலேயே திரும்ப வைத்தாள்.

"அவருக்கு நீச்சல் தெரியும்னு பின்னாலேர்ந்து அடிச்சியா குமாரு?"

பச்சியப்பன் அவனை இழுத்துப்போய் ஜீப்பில் ஏற்றினார்.

ஜீப் போனது. மூன்று நாளாக 'பயந்தாங்கொள்ளி' என்று பேசிய வாய்களெல்லாம் 'எனக்கு அப்பவே தெரியும்' என்று பேசத் தொடங்கின.

ராஜா மட்டும் வாசலில் தயங்கினார்.

"மேடம்... மனசு கஷ்டமா இருக்கு. உங்களுக்கு ஃப்ரீயா ஒரு கார்டு பாக்கட்டுமா? பெரிய மாற்றம் வரும்."

"உங்க ரெண்டு கட்டுலயும் பதிமூணு போச்சு மாஸ்டர். இனிமே உங்ககிட்ட வர்றவனுக்குச் சாவே கெடையாது. போர்டுல எழுதிப் போடுங்க, கூட்டம் அள்ளும்!"

மறுநாள் விடிந்தது.

பானுமதி பழக்கத்தில் ரெண்டு டம்ளர் டீ ஊற்றிவிட்டாள். ஒன்றை மூடி வைத்தாள். பிறகு வயலுக்கு நடந்தாள். மோட்டார் ரூமில் சுவிட்சில் கை வைத்துக் காத்திருந்தாள்.

சரியாக ஆறு மணி. த்ரீ ஃபேஸ் வந்தது.

அதைச் சொல்ல எந்த மாஸ்டரும் தேவைப்படவில்லை!