அடிக்கணக்கு

நிலாவின் தென்முனைக் குடியிருப்பில் துக்கச் சங்கு ஊதினால் மூன்று காரியங்கள் வரிசையாக நடக்கும். கடைத்தெரு விளக்குகள் கால்வாசி மங்கும். எல்லாரும் நின்ற இடத்தில் ஒரு நிமிடம் தலைகுனிவார்கள். பிறகு கடைக்காரர்கள் ஏணி வைத்து ஏறி, விளையாட்டு அலமாரிக்குச் சாம்பல் நிறத் திரை போடுவார்கள். பதினாறு நாளுக்கு அந்தத் திரை விலகாது.

பூமியோ செவ்வாயோ, எங்கே யார் கூட்டமாகக் கொல்லப்பட்டாலும் இதுதான் முறை. கொலைவெறியை ஊட்டுவது விளையாட்டுகள்தான் என்பது இரங்கல் வாரியத்தின் முடிவு. அந்த ஆண்டில் அது ஒன்பதாவது சங்கு. செவ்வாய்க் குடியிருப்பு ஒன்றின் உணவுக்கூடத்தில் ஒருவன் பதினொரு பேரைக் கொன்றிருந்தான்.

தவசிலிங்கம் அண்ணாச்சி கடையில் திரை போடுவது பேச்சியின் வேலை. பாட்டன், தகப்பன் எல்லாரும் இருட்டுப் பள்ளங்களில் பனிப்பாறை வெட்டியவர்கள். அந்த வம்சத்தில் முதல் பட்டதாரி அவள். பட்டம் வாங்கியவளுக்கு நிலாவில் கிடைத்தது விற்பனையாள் வேலை. அந்த ஆத்திரத்தில் மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு விளையாட்டு செய்திருந்தாள். பெயர் ‘பனிக்கிணறு’. ஒட்டுப்பொட்டு அளவில் ஒரு பிடரிவில்லை. கழுத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினால் பள்ளத்தில் இறங்கிவிடலாம். தோண்டத் தோண்டப் பனி தென்படும், கடைசியில் தண்ணீர் பொங்கும். அவ்வளவுதான்.

அன்று காலைதான் அது விற்பனைக்கு வந்தது. நிலாவில் நினைவகத்துக்குப் பஞ்சம். புது விளையாட்டு பதினைந்து நாளுக்குள் ஐம்பது பேரிடம் போய்ச் சேராவிட்டால் மூலப்பிரதியையே அழித்துவிடுவார்கள். மூன்று வருட உழைப்பு ஒரு சொடுக்கில் போய்விடும்.

சங்கு அடங்கியதும், சாமான் அடுக்கும் எந்திரனான அடுக்கான் முன்வரிசையிலிருந்த அவள் வில்லைகளை அள்ளிக்கொண்டு திரைக்குள் நுழைந்தது.

“ஏய், அது என்னோடது! அதை எங்க தூக்கிட்டுப் போறே?”

“வன்முறைத் தரவரிசையில் முதலிடம்,” என்றது அடுக்கான். அது எப்போதும் அச்சுத் தமிழில்தான் பேசும். “வாரியத்தின் சொல்லெண்ணி கணித்துள்ளது. ‘அடி’ நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு முறை. ‘வெட்டு’ தொள்ளாயிரம் முறை. ‘போட்டுத் தள்ளு’ அறுபது முறை.”

“அது ஆழம்டா மடப்பயலே! பத்து அடி, இருபது அடி! மண்ணை அள்ளி அந்தப் பக்கம் போட்டுத் தள்ளுன்னு எழுதியிருக்கேன்!”

“முந்நூறு அடி வரை செல்கிறது. மனித உடல் தாங்காது.”

கல்லாவில் இருந்த அண்ணாச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டார். “விடு தாயி. வாரியத்துக்காரனோட நமக்கு என்ன வம்பு? திரைக்குள்ள இருந்தாலும் கேட்டா கொடுக்கத்தானே போறோம். பார்வைக்கு வைக்கக் கூடாதுன்னுதான் விதி. விக்கக் கூடாதுன்னு எவனும் சொல்லல.”

“மத்ததை எல்லாம் பேர் சொல்லிக் கேப்பாங்க. என்னோடதை எவனுக்குத் தெரியும்? அது கிடக்கட்டும் அண்ணாச்சி. செவ்வாய்ல கொன்னவன் கையில என்ன இருந்துச்சு?”

“ஆணிப்பீச்சின்னு சொன்னாவ.”

“அது நம்ம கடையில எங்க இருக்கு?”

அண்ணாச்சி மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அங்கே நாற்பது ஆணிப்பீச்சிகள் சிவப்பு நாடா கட்டிக்கொண்டு நின்றன. சுவர்த்தகடு விரிசல் விட்டால் காற்று கசியும் என்பதால் வீட்டுக்கு ஒன்று உண்டு. அழுத்தினால் நொடிக்கு எட்டு ஆணி பாயும்.

“அது வேலைச் சாமான் தாயி. ஆணி அடிக்காம வீடு நிக்குமா?”

“அப்ப அதுலயும் ‘அடி’ இருக்குல்லா! அதுக்கும் திரை போடுங்க!”

“இல்லை,” என்றது அடுக்கான். “கையேட்டில் ‘ஆணியை இறக்கவும்’ என்றே உள்ளது. நீளமும் அங்குலத்தில். வன்முறை எண்ணிக்கை சுழியம். பிரிவு, இல்லத் துணை.”

பேச்சி அன்றே இரங்கல் வாரியத்துக்கு நாலு பக்கப் புகார் எழுதினாள். ‘உங்கள் கருவிக்குத் தமிழ் தெரியவில்லை, அதை வாங்கியவர்களுக்கு எதுவுமே தெரியவில்லை’ என்று தொடங்கினாள். அண்ணாச்சி கெஞ்சியும் ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை.

மறுநாள் வாரியத்தின் எச்சரிக்கைப் பட்டியல் கடைவாசலில் ஒளிர்ந்தது. பெற்றோர் பார்த்து ஒதுக்குவதற்காக, கொடூரமான விளையாட்டுகளை வரிசைப்படி போட்டிருந்தார்கள். முதலிடத்தில் ‘பனிக்கிணறு’.

கீரைப்பண்ணையில் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி பட்டியலை இரண்டு முறை படித்தாள். உள்ளே வந்து உப்பு கேட்டாள். மிளகு கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“அந்த மொத நம்பர் இருக்கா?”

“உங்களுக்கா அக்கா?”

“சேச்சே! எந்தக் கருமத்தைப் பிள்ளைங்க பாக்குதுன்னு நாமளும் தெரிஞ்சு வச்சிக்கிடணும்லா?”

அன்று சாயங்காலத்துக்குள் இப்படித் தெரிந்து வைத்துக்கொள்ள வந்தவர்கள் ஒன்பது பேர். வந்த எல்லாரும் முதலில் உப்புதான் கேட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கீரைப்பண்ணை அக்கா திரும்பி வந்தாள். “ஏ பிள்ளே, இருநூறு அடி வரைக்கும் போயிட்டேன். ஒருத்தனும் சாகலியே?”

பேச்சி வாய் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். “இருநூத்தம்பதைத் தாண்டணும்மா. அப்புறம்தான் இருக்கு.”

அவள் தாண்டினாள். தண்ணீர் பொங்கியது. நெடுநாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரியிடம் அதையா சொல்வாள்? “அய்யோ, அதை ஏன் கேக்க! கை இன்னும் நடுங்குது,” என்றாள். பக்கத்து வீட்டுக்காரி அன்றே உப்பு வாங்கக் கிளம்பினாள். வாங்கியவர்கள் எல்லாரும் குழி தோண்டினார்கள். குழி தோண்டினோம் என்று சொல்ல எல்லாருக்கும் வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் எண்ணிக்கை நாற்பத்தேழு. கடையில் மூன்று பேர் உப்புப் பொட்டலத்தோடு, நேரம் பார்த்து நின்றார்கள். அப்போது வாரியத்தின் ஆய்வாளர் ராயப்பன் உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பேச்சிங்கிறது யாரும்மா? உன் புகாரை மூணு தடவை படிச்சேன். அத்தனையும் உண்மை. தப்பு எங்க பேர்லதான்.” கையிலிருந்த தாளை உயர்த்திப் பிடித்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். “இந்த விளையாட்டு முற்றிலும் சாந்தமானது. இனி முன்வரிசையில் வைக்கலாம்.”

வரிசையில் நின்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “சாந்தமாம்லா?” என்றார் ஒருவர். உப்பை மேசையில் வைத்துவிட்டு மூவரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

பேச்சி மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாற்பத்தேழோடு நின்றால் மூன்றே நாளில் கிணறு தூர்ந்துவிடும்.

“சார்!” அவள் போட்ட சத்தத்தில் வாசலுக்குப் போனவர்கள் நின்றுவிட்டார்கள். “யார் சார் சொன்னது சாந்தம்னு? கொடூரம் சார்!”

ராயப்பன் சிரிப்பு சுருங்கியது. “நீதானேம்மா எழுதியிருந்தே, வெறும் ஆழம்தான்னு?”

“ஆத்திரத்துல எழுதிட்டேன். நல்லா யோசிச்சுப் பாருங்க. சும்மா கிடந்த நிலாவை உயிரோட வெட்டுறோம். முந்நூறு அடி! ஒண்ணு ரெண்டில்ல. கதறக் கதற!”

“நிலா கதறுதா?”

“காத்து இல்லாததால உங்களுக்குக் கேக்கல.”

வாசலில் நின்ற மூவரும் இரண்டடி உள்ளே வந்தார்கள். அண்ணாச்சி எதையோ தேடுவதுபோல் கல்லாவுக்குக் கீழே குனிந்து சிரிப்பில் குலுங்கினார்.

ராயப்பன் நேர்மையான மனிதர். “செஞ்சவளே கொடூரம்னு சொன்னா வாரியம் மறுக்க முடியாது. ஆனா எழுத்துல வேணும்,” என்று படிவம் ஒன்றை நீட்டினார். “கையெழுத்துப் போட்டா திரைக்குள்ளயே இருக்கட்டும். பட்டியல்லயும் இருக்கட்டும்.”

பேச்சி மளமளவென்று நிரப்பினாள். தன்மை: மிகக் கொடூரம். பார்ப்போர்க்கு ஏற்படக்கூடிய கேடு: சொல்லி மாளாது. உண்மைக்காக நாலு பக்கம் எழுதிய அதே பேனா, பொய்க்கு ஓர் இடத்தில்கூட இடறவில்லை.

கடைசிக் கட்டத்தில்தான் நின்றது. ‘எந்தத் துயரத்தை முன்னிட்டு? இறந்தோர் பெயர்கள்.’

“அண்ணாச்சி, செவ்வாய்ல செத்தாங்களே, அவங்க பேரு என்ன?”

“பதினொரு பேருல்லா?”

“பேரு அண்ணாச்சி.”

அண்ணாச்சி அடுக்கானைப் பார்த்தார். “என் பதிவில் எண்ணிக்கை மட்டுமே உள்ளது,” என்றது அது. ராயப்பன் தொண்டையைச் செருமினார்.

“அதை யாரும்மா நிரப்புறாங்க? நூத்திப் பத்துக் கடை பாக்கேன். எல்லாரும் ‘மேற்படி’ன்னுதான் போடுவாங்க. நீயும் போடு.”

பேச்சி படிவத்தின் மேல்பகுதியைப் பார்த்தாள். மேலே இருந்த கட்டங்களில் ஒரு பெயரும் இல்லை, அவளுடையதைத் தவிர. வரிசையில் நின்ற மூவரும் பொறுமையிழந்து செருப்பைத் தேய்த்தார்கள்.

குண்டு குண்டான எழுத்தில் ‘மேற்படி’ என்று எழுதி, கையெழுத்தின் கீழே பட்டத்தையும் சேர்த்துவிட்டு, அவள் திரையை விலக்கினாள்.

“வாங்க, யாருக்கு முதல்ல?”